சிவப்புப் புள்ளி போட்ட நாற்காலிகள்

என் நாற்காலிகளின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். நானே பெயிண்டில் விரலைத் தோய்த்து வைத்தது. சபை நாற்காலி என்றால் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போவார்கள். கல்யாண வீடு, சாவு வீடு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கால் உடைந்து திரும்பி வரும். இவை அப்படிப்பட்டவை அல்ல. வாராவாரம் என் வீட்டில் ஜெபத்துக்குக் கூடும் வீட்டுக் குழுவுக்காக என் சொந்தக் காசில் வாங்கியவை. நீல நிறம், இரண்டு பக்கமும் கை வைத்தவை. கை இல்லாத மலிவு நாற்காலியில் கர்த்தருடைய பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த நாற்காலிகள் இப்போது என் வீட்டில் இல்லை. என் குழுவும் என் வீட்டில் இல்லை. இரண்டும் எப்படிப் போயின என்பதைத்தான் எழுதுகிறேன். பாஸ்டர் ஒரு மாதிரி சொல்லியிருப்பார், மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். குழுவைக் கட்டியவன் சொல்வதையும் யாராவது கேட்க வேண்டுமல்லவா?

நான் ஜொகூரில், செடெனாக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாகத் தொடங்கி, ஓட்டுநராகி, ஒரு ஓட்டை பஸ்ஸுக்கு முதலாளி ஆனேன். இன்று பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களில் என் பஸ்களும் ஓடுகின்றன. படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை என்றே வைத்துக்கொண்டாலும் உழைத்து வாங்கிய பெருமை.

வீட்டுக் குழு தொடங்கியதே என் பஸ்ஸில்தான். ஷிப்ட் விடுவதற்கு முன்பே தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ஒருநாள் ஏறிய ஒரு பெண் கடைசி சீட்டில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் இன்ஜினை நிறுத்தினேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணினேன். மலாய்க்காரர்கள், நேப்பாளிகள் எல்லாம் அலமாக், டிரைவருக்கு என்ன ஆச்சு என்பது போலப் பார்த்தார்கள். எனக்கென்ன வெட்கம்? அடுத்த வியாழக்கிழமை அவளையும் இன்னும் நாலு பேரையும் வேனில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டிப் போட்டாள். பாடினோம், ஜெபித்தோம், சாப்பிட்டோம். எங்கள் சபையின் முதல் வீட்டுக் குழு அதுதான்.

பாஸ்டர் அதற்குப் பிறகுதான் கோலாலம்பூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, "பிரதர், இனிமே சபையெல்லாம் சின்னக் குழுவாத்தான் வளருமாம்" என்று ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார். "நான் அத ஏற்கெனவே ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன் பாஸ்டர்" என்றேன். மசாய், பிளெந்தோங் பக்கத்துக் குழுக்களையெல்லாம் தொடங்கி வைத்தவன் நான். தலைவர்களை என் வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

என்ன சொல்லிக் கொடுத்தேன்? ஆளைப் போனில் கூப்பிட்டால் வரமாட்டான், வேனோடு அவன் வாசலில் போய் நின்றால் வருவான் என்று. வந்தவனுக்குப் பசியாற்றிவிட்டுப் பிறகு பிரசங்கம் பண்ணு என்று. அப்புறம் செருப்பு. என் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்கள் கழற்றிப் போடும் செருப்பை நானே குனிந்து ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். போகும்போது காலை நுழைத்தால் போதும். பஸ் முதலாளி அவர்கள் செருப்பைத் தொடுகிறார். அதைப் பார்த்தே பலபேர் மனசு இளகியிருக்கிறது. பல வருடம் அப்படிச் செய்ததில் எது யாருடைய செருப்பு என்று இருட்டிலும் சொல்லிவிடுவேன்.

கூட்டத்தில் வேதபாகத்தை என் மனைவி படிப்பாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அவள் நன்றாகப் படிப்பாள், குரலும் நல்ல குரல். அவள் படிக்க, நான் விளக்குவேன். முடிந்ததும் என் சாட்சி. ஒவ்வொரு வாரமும் எழுந்து நின்று கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்வேன். எஸ்டேட், லாரி, பஸ் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இன்னைக்கு வரைக்கும் என் வீட்டுல ஆஸ்பத்திரி கார்டு கிடையாது. மருந்து பாட்டில் கிடையாது. என் தேவன் அப்படி வச்சிருக்காரு" என்று முடிப்பேன். ஆமென் என்று வீடே அதிரும். நன்றி சொல்வது தப்பா? இன்றும் கேட்கிறேன்.

என் உதவித் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் என் பஸ்ஸில் வேலைக்குப் போனவன்தான். டெக்னீஷியன், டிப்ளோமா படித்தவன். நன்றாக ஓடும் இன்ஜின் போல அமைதியான ஆள். பிரச்சினை என்றால் மட்டும் சத்தம் வரும். அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில் தாய்வீட்டில் போய் உட்கார்ந்திருந்தபோது, வேனை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்று கூட்டிவந்து சேர்த்து வைத்தவன் நான். ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தேன். வீடு தேடிப் போவது எப்படி என்று கற்றுக் கொடுத்தேன். என்னை அண்ணே என்பான். நானும் தம்பி என்றுதான் நினைத்திருந்தேன்.

குழு வளர்ந்தது. வரவேற்பறை நிறைந்து சமையலறை வாசல்வரை ஆள். அப்படி நிறைந்தால் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை உதவித் தலைவர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் நடத்த வேண்டும் என்பது எல்லாக் குழுவுக்கும் உள்ள ஒழுங்கு. மற்ற தலைவர்களுக்கு அதை விளக்கியவன் நான்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொருவரையும் நான் வாசலில் போய் நின்று ஏற்றிக்கொண்டு வந்தவன். யாரைப் பிடுங்கி யாரிடம் கொடுப்பது? பாஸ்டர் வந்து கேட்டபோது, "இடம்தான பிரச்சினை? நான் பாத்துக்கறேன்" என்றேன். போர்ச்சுக்கு மேலே தகடு போட்டு, சுற்றிக் கம்பி அடைத்து, மின்விசிறி மாட்டினேன். அடுத்த வாரம் எல்லாருக்கும் இடம் இருந்தது. பாஸ்டர் மின்விசிறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழகாக இருக்கிறது என்று பார்க்கிறார் போலும் என நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி படிக்கும்போது தடுமாற ஆரம்பித்தாள். ஒரு வரியை விட்டுவிடுவாள். சில வாரம் நான் சொன்ன அதிகாரத்தை விட்டு வேறொன்றைப் படிப்பாள். ஒருநாள் கூட்டத்தில், "என்ன இது, கண்ணாடிய மூக்குல போடு லா, தலையில போட்டா எழுத்து தெரியுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளி சனியிலிருந்து மறுபடியும் சனி ஞாயிறுக்கு மாற்றினார்கள். தொழிற்சாலைகளில் ஷிப்ட் அட்டவணைகள் தலைகீழாயின. என் பஸ் ஓட்டங்களும் கலைந்தன. வியாழக்கிழமைக் கூட்டத்தை எந்த நாளுக்கு மாற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான்.

"அண்ணே, எல்லாருக்கும் ஷிப்ட் ஒரே குழப்பம். கூட்டத்த கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாமா?"

"நிறுத்தறதா? சூடு ஆறிப் போயிடும்டா."

"சபார் லா அண்ணே, கொஞ்சம் பொறுங்க. எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும். நீங்களும் பஸ்ஸு வேலையில அலையறீங்க, ஓய்வா இருங்க."

எனக்காக யோசிக்கிறானே என்று சந்தோஷப்பட்டுக் கூட்டத்தை நிறுத்தி வைத்தேன். சில வாரம் கழித்து மறுபடி வந்து, வீட்டில் சின்ன விசேஷம், நாற்காலி கிடைக்குமா என்று கேட்டான்.

"என்னடா விசேஷம், என்னைக் கூப்பிடல?"

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே. வீட்டு ஆளுங்க மட்டும்தான்."

என் வேனிலேயே ஏற்றி, என் ஆளை வைத்தே இறக்கிக் கொடுத்தேன். அவனுடைய போர்ச்சில் அடுக்கி வைத்துவிட்டு, "பத்திரம், புள்ளி இருக்கு" என்று வேடிக்கையாகச் சொன்னேன்.

நாற்காலி திரும்பி வரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் தையல்காரி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று ஒரு சகோதரியின் காரில் ஏறிப் போனாள். வீட்டில் சும்மா உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. என் ஓட்டுநர் ஒருவன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாற்காலி கேட்டிருந்தான். போய் எடுத்துவரலாம் என்று வேனை எடுத்தேன்.

தம்பி வீட்டு வாசலில் செருப்பு மலைபோலக் கிடந்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக, குப்புறவும் மல்லாந்தும் கிடந்தன. யாரும் திருப்பி வைக்கவில்லை. நான் வேனை விட்டு இறங்கி நின்று பார்த்தேன். பஸ்ஸில் அழுத பெண்ணின் பச்சை வார்ச் செருப்பு. முட்டி வலிக்கார ஆன்ட்டியின் அகலமான கறுப்புச் செருப்பு. ராத்திரி ஷிப்டுக்கு நேராகப் போகிறவனின் பாதுகாப்புப் பூட்ஸ். எனக்குத் தெரியாத ஒரு ஜோடிகூட அங்கே இல்லை. விசேஷத்துக்கு வந்த வீட்டு ஆளுங்க எல்லாரும் என் ஆளுங்க.

கேட்டோரத்தில், மற்றவற்றோடு சேராமல், ஒரு பழுப்பு நிறச் செருப்பு. வார் அறுந்தபோது வேறு நூல் இல்லாமல் நீல நைலான் நூலில் நானே தைத்துக் கொடுத்தது. என் மனைவியுடையது.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது, திரை மட்டும் போட்டிருந்தார்கள்.

"எடது கண்ணுல நடுவுல கறுப்பா ஒண்ணு. ஆளப் பாத்தா காது தெரியுது, மூஞ்சி தெரியல" என்றாள். "இப்ப வலது கண்ணும் மங்குது. வசனம் படிக்க முடியல. எந்த அதிகாரம்னு அவரு முந்துன நாளே சொல்லிடுவாரு, பக்கத்து வீட்டுப் பொண்ண விட்டுப் படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்குவேன். கூட்டத்துல புத்தகத்த விரிச்சி வச்சிக்கிட்டுச் சொல்லுவேன். அந்தப் பொண்ணு இல்லாத வாரம் தெரிஞ்சதச் சொல்லிச் சமாளிப்பேன்."

"அண்ணனுக்குத் தெரியுமாக்கா?" யாரோ கேட்டார்கள். தம்பியின் மனைவிதான்.

"அவருகிட்ட எப்படிச் சொல்றது? வாரா வாரம் எழுந்து நின்னு எங்க வீட்டுல ஆஸ்பத்திரி கார்டு கெடையாதுங்கறாரு. நான் போய்க் கார்டு எடுத்தா அவரு சாட்சி என்னாவறது?"

அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவசரமாக ஆமென் சொல்லவுமில்லை. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருத்தரும் குறுக்கே பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக் கூட்டத்தில் அப்படியொரு அமைதி வந்ததே கிடையாது.

கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். எல்லாரும் நீல நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தம்பியின் முகம் வெளுத்தது. ஆயிரம் கேட்க நினைத்தேன். வாயில் வந்தது இதுதான்:

"நாற்காலி எடுக்க வந்தேன்."

"அண்ணே, முதல்ல உக்காருங்க."

"எதுல உக்கார்றது? என் நாற்காலியிலயா?"

ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நாற்காலிகள் காலியாயின. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டி வலிக்கார ஆன்ட்டி மட்டும் அசையவில்லை.

"நான் எந்திரிக்கமாட்டேன்பா, முட்டி புடிச்சிக்கிச்சி. வேணும்னா நாற்காலியோட சேத்துத் தூக்கிக்கிட்டுப் போ."

வேறொரு நாளாக இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன். மனைவியிடம், "வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். எனக்குக் கொஞ்சம் தள்ளி, காற்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வையை அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன், கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்காக ஜெபம் பண்ணப் போறாங்க. முடிச்சிட்டு வரேங்க" என்றாள்.

நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன். அந்தச் செருப்புக் குவியலுக்குள் என் செருப்பைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பாஸ்டரிடம் போனேன். ஆராதனை முடிந்து கை குலுக்கிக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா பாஸ்டர்?"

"நான்தான் ஆரம்பிக்கச் சொன்னேன், பிரதர்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எத்தன தடவ சொன்னேன்? நீங்க போர்ச்சு கட்டினீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. ஒழுங்குப்படி பாதிப் பேரைத்தான் அந்த வீட்டுக்கு அனுப்ப நினைத்தாராம். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டபோது எல்லாருமே அந்த வீடு என்றார்களாம். யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று ஒழுங்கு போட்டதும் நீங்கள்தானே பிரதர் என்றார். அந்தச் சபைக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தவன் நான். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

தம்பி போன் பண்ணினான், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தான். போர்ச்சில் நின்றபடியே பேசினான்.

"அண்ணே, உங்கள ஒதுக்கணும்னு இல்ல. உங்க வீட்டுல நீங்க பேசி முடிக்கறப்ப எல்லாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாயிடுது. அவங்கவங்க கஷ்டம் அப்படியே திரும்பிப் போவுது."

"அதுக்குப் பொய் சொல்லி என் நாற்காலிய வாங்கிக்கிட்டுப் போவியா?"

அவன் கேட்டைத் திறந்துகொண்டு போனான். இன்றுவரை அதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. பிரிய வேண்டும் என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், கத்தியிருப்பேன், கடைசியில் நாற்காலியைக் கொடுத்திருப்பேன். பெண்டாட்டியைச் சேர்த்து வைத்தவனிடம் வீட்டு ஆளுங்க மட்டும்தான் என்று பொய் சொல்லிவிட்டு, என் மனைவியை அந்த வீட்டு ஆளாக்கி உட்கார வைத்தானே, அது ஆறவில்லை.

அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் பசியாறத் தோசை வைத்தாள். தட்டு மேசையின் விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதை உள்ளே தள்ளினேன்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"ஜெபம் பண்ணியிருப்பேன்."

"பண்ணுவீங்க. அடுத்த வாரமே சரியாயிடுச்சின்னு எழுந்து நின்னு சாட்சியும் சொல்லிடுவீங்க. அப்புறம் நான் கண்ணு தெரியற மாதிரியே நடக்கணும்."

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை, சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். பஸ் ஓட்டத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் பிணைத்து வைத்திருந்தார்கள், ஒருத்தர் அசைந்தால் எல்லாரும் அசைய வேண்டும். ஒரு சின்ன டாக்டர், கல்யாணமாகிப் போன என் கடைசி மகளைவிட இளையவள், இடது கண்ணில் போன பார்வை திரும்பாது என்றாள். ஊசி போட்டு வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம், முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள். என் மனைவி தலையாட்டினாள். மறு தேதி எழுதிய கார்டை நர்ஸ் நீட்டியபோது இவளுக்குச் சரியாகத் தெரியாமல் கை வேறு பக்கம் போனது. நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது, "இனிமே என்ன சாட்சி சொல்லுவீங்க?" என்றாள்.

"எந்தக் கூட்டத்துல சொல்றது? கூட்டம்தான் இல்லையே" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இருட்டும் நேரத்தில் அவளுக்குப் படி தெரியாது. வேனை எடுத்தேன். போகிற வழியில் முட்டி வலிக்கார ஆன்ட்டி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அவரை அங்கே விட்டுவிட்டுப் போக என்னால் முடியுமா? ஏற்றிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்ததும், "இந்த வேன் இல்லாம என் முட்டி ரெண்டு சுத்து வீங்கிப் போச்சிப்பா" என்றார். அதையாவது ஒருத்தர் சொன்னாரே.

தம்பி வீட்டு வாசலில் என் மனைவியைக் கைபிடித்து இறக்கினேன். அவள் செருப்பைக் கழற்றினாள். அதை மட்டும் குனிந்து திருப்பி வைத்தேன். மற்ற செருப்புகளைத் தொடவில்லை.

"உள்ள வாங்க" என்றாள்.

"நீ போ. நான் இங்கேயே இருக்கேன்."

வேனுக்குத் திரும்பப் போனபோது தம்பி வெளியே வந்தான். கையில் ஒரு நீல நாற்காலி. போர்ச்சில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் வந்து அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சிவப்புப் புள்ளி இருந்தது. என் நாற்காலியில் உட்கார நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரோட்டைப் பார்த்துப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

மன்னித்துவிட்டீர்களா பிரதர் என்று பாஸ்டர் அடிக்கடி கேட்கிறார். வாயால் மன்னித்துவிட்டேன். அந்த வாசலைத் தாண்டத்தான் கால் வரவில்லை.

உள்ளே பாட்டு முடிந்தது. வேதபாகத்தை யார் படிப்பது என்று தம்பி கேட்டான். நான் படிக்கலாமா என்றாள் என் மனைவி. புத்தகத்தைப் புரட்டும் சத்தம் வரவில்லை. அவள் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். யாரும் திருத்தவில்லை. கொஞ்சம் நிறுத்தி, அவளே திரும்பிப் போய் அந்த வரியை எடுத்துச் சொன்னாள்.

விளக்கம் சொல்ல என் வாய் திறந்தது. சொல்வதற்கு எனக்கு முன்னால் ரோடும் என் வேனும் மட்டும்தான் இருந்தன.